சத்து மாத்திரை

"அத்தய்யா, என் மாத்திரை அட்டையை எடுத்தீங்களா?"

சேஷாரத்னம் திரும்பிப் பார்க்கவில்லை. சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி அட்டையின் வெள்ளித்தாளை நகத்தால் கிழித்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, ஆரஞ்சு மூடி போட்ட ஒரு டப்பாவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். டப்பாவின் மேல் கால்சியம் என்று எழுதியிருந்தது. அவளுடைய முழங்கால் வலிக்காக வாங்கியது. அதிலிருந்ததை அவளே என்றோ தின்று தீர்த்திருந்தாள். வெறும் அட்டையை மடித்து அடுப்பில் போட்ட பிறகுதான் மருமகளைப் பார்த்தாள்.

"அட்டையில பேரு இருக்கு. படிக்கத் தெரிஞ்சவ எவளாவது எடுத்துப் பார்த்தா? இனிமே இது சத்து மாத்திரை. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். புரியுதா அம்மாயி?"

ஹைமாவுக்கு அது புரிந்தது. தன் உடம்புதான் புரியவில்லை. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் வலது காலும் இடது காலுமாக மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருந்தது. எழுந்தால் நடக்க வேண்டும் போலிருந்தது. நடந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

"அத்தய்யா, இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன். ஒரு தடவை டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேனே."

"போகலாம், யாரு வேண்டாம்னது? வியாழக்கிழமை முடியட்டும். ஹாரிகாவைப் பார்க்க வர்றாங்க. இந்த நேரத்துல நீ ஆத்தைக் கடந்து போனா, எங்க போற, எதுக்குப் போறன்னு புல்லய்யா கேப்பான். நாலு நாள்ல நாடே பேசும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. கொத்தலங்காவைச் சுற்றிலும் கோதாவரி. வெளியே போகிறவர்கள் எல்லோரும் புல்லய்யாவின் பண்ட்டில்தான் போயாக வேண்டும். இரண்டு படகுகளைச் சேர்த்துப் பிணைத்து மேலே பலகை அடித்த அந்த மிதப்பில் மாடும் ஏறும், மாப்பிள்ளை வீட்டாரின் காரும் ஏறும். எங்கே போகிறாய் என்று கேட்காமல் புல்லய்யா கயிற்றை அவிழ்த்ததே கிடையாது. அந்த ஊரில் பெண் எடுக்க விசாரிக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதும் அவனிடம்தான்.

ஹைமாவுக்கு ஆறு மாதமாகவே எதிலும் பிடிப்பு இல்லாமல் போயிருந்தது. குளிக்கத் தோன்றவில்லை, தலை வாரத் தோன்றவில்லை. நாலு வயது மகள் சிட்டி ஓடிவந்து மடியில் விழுந்தால்கூடப் பாரமாக இருந்தது. காரணம் கேட்டால் சொல்ல எதுவும் இல்லை. புருஷன் சத்திபாபு குடிக்கிறவன் இல்லை, கை ஓங்குகிறவன் இல்லை. வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு, முற்றம் நிறையத் தேங்காய்க் குவியல். ஊரார் நியாயப்படி அழுவதற்கே அவளுக்கு உரிமை கிடையாது. "உனக்கு என்னம்மா குறை?" என்று கேட்காத வாய் கொத்தலங்காவில் ஒன்றுகூட இல்லை. கால் ஒடிந்தவளிடம், உனக்குத்தான் நல்ல செருப்பு இருக்கிறதே என்று சொல்வது மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

கடைசியில் சத்திபாபுவே பயந்துபோய் அவளை ராஜமுந்திரிக்குக் கூட்டிப் போனான். ஊரில் சொன்னது, அன்னவரம் கோயிலுக்கு, சத்தியநாராயண விரதத்துக்கு என்று. தேங்காய் லாரி ஓட்டுகிறவன் ஒருவனிடம் சொல்லி அன்னவரம் பிரசாதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் புல்லய்யா முதல் எதிர்வீடு வரை எல்லோருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தான். சாமியைச் சாட்சிக்கு இழுத்தால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை அல்லவா?

ராஜமுந்திரி மனநல டாக்டர் பத்மஜா அன்று பொறுமையாகத்தான் பேசினார். "ஆரம்பத்துல சில பேருக்கு இது கொஞ்சம் படபடப்பு கொடுக்கும். லேசா இருந்தா பொறுத்துக்கலாம். ஆனா உட்கார முடியலை, உசிரை விட்டுடலாம்னு தோணுது, இப்படி ஏதாவது வந்துதுன்னா அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீங்க. அன்னைக்கே வாங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம், நீங்களா கூட்டவும் வேண்டாம்." சத்திபாபு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது டாக்டர் சொன்ன இரண்டும் வந்துவிட்டன. மாத்திரைக்கு முன்னால் அவளுக்குத் துக்கம்தான் இருந்தது. ஒரு மூலையில் சுருண்டு கிடந்தால் அது அவளைச் சும்மா விட்டுவிடும். இப்போது அந்தத் துக்கத்துக்குக் கால் முளைத்திருந்தது. அவளை விரட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடியது.

சேஷாரத்னத்துக்கும் மருமகளின் நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. மறுநாள் காலை கையில் டப்பாவுடன் ஊர் ஆர்.எம்.பி. வைத்தியன் வீர்ராஜுவின் வீட்டுக்குப் போனாள். ஊசி, சலைன், காய்ச்சல், கட்டி எல்லாவற்றுக்கும் அந்த ஊருக்கு அவன்தான் டாக்டர். அவனிடமும் அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. வீர்ராஜு வாயில் விழுந்தது புல்லய்யா காதில் விழ எத்தனை நேரம் ஆகும்?

"சத்து மாத்திரை குடுத்துப் பார்க்கறேன் தம்பி. அப்படியும் மருமக படபடன்னு இருக்கா. ராத்தூக்கம் இல்லை."

வீர்ராஜு டப்பாவை வாங்கி மேலே எழுதியிருந்ததைப் பார்த்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை. "சத்து பத்தலைங்க. வேற ஒண்ணுமில்லை. ஒண்ணுக்கு ரெண்டா குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் சேஷாரத்னம் இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"டாக்டரம்மா கூட்டக் கூடாதுன்னு சொன்னாங்களே, அத்தய்யா?"

"வீர்ராஜு பார்த்துத்தான் சொன்னான். அவன் என்ன, உனக்கு விஷமா குடுப்பான்?"

ஹைமா விழுங்கினாள். அந்த வேதனை குறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் கல்லைக்கூட விழுங்கியிருப்பாள்.

அதற்கடுத்த நாட்களை எப்படிச் சொல்வது? தோலுக்குள்ளே யாரோ அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தவள் இரண்டு கவளத்துக்குள் எழுந்துவிடுவாள். சிட்டிக்குச் சடை பின்ன ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவாள். வீட்டின் பின்கதவைத் திறந்தால் தோப்பு. தோப்பைத் தாண்டினால் ஆறு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் துணி துவைத்த படித்துறை. இப்போது பின்கதவுப் பக்கம் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆற்றைப் பார்த்துப் பயமில்லை. அதைப் பார்த்ததும் தனக்குள் எழும் நிம்மதியைப் பார்த்துத்தான் பயம்.

சத்திபாபு முற்றத்தில் தேங்காய் உரிப்பவர்களோடு நின்றிருந்தபோது அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியும் விட்டாள்.

"ஏவண்டி, என்னை இப்பவே கூட்டிட்டுப் போங்க. எனக்குள்ள ஏதோ சரியில்லை. ஆத்துப் பக்கம் போ போன்னு மனசு சொல்லுது. நான் போயிடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு."

சத்திபாபுவின் முகம் வெளுத்துப்போயிற்று. அவன் முதலில் செய்த காரியம், உரிப்பவர்களின் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்ததுதான்.

"மெதுவா பேசு. சிட்டியை நினைச்சுக்கோ. தங்கச்சி வாழ்க்கை ஹைமா, அப்பா இல்லாத பொண்ணு. வியாழக்கிழமை தாம்பூலம் மாத்தட்டும், வெள்ளிக்கிழமை காலையில முதல் பண்ட்டுல நானே கூட்டிட்டுப் போறேன். நாலு நாள்தானே?"

நாலு நாளாம். மூச்சு முட்டிக் கிடப்பவளிடம் தவணை கேட்டான் அந்த நல்லவன்.

பிறகு ஹைமா தனக்குத் தெரிந்த வழியில் உயிரைப் பிடித்துக்கொண்டாள். தனியாக இருக்கக் கூடாது என்று பகலெல்லாம் முற்றத்தில், தேங்காய் உரிக்கும் பெண்கள் நடுவில் போய் நின்றாள். அவர்கள் கேலி பேசினார்கள்: "என்ன எஜமானியம்மா, எங்களைக் காவல் காக்கறீங்களா? ஒரு காயையும் தூக்கிட்டுப் போயிட மாட்டோம்." பேசட்டும் என்று விட்டாள். மனிதக் குரல் காதில் விழுந்துகொண்டிருந்தால் போதும். புதன்கிழமை சாயங்காலம் பின்கதவைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய் நாத்தனார் ஹாரிகாவின் கையில் வைத்தாள்.

ஹாரிகா கண்ணாடி முன்னால் நாளைக்குக் கட்டப்போகும் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பி.எட். முடித்தவள், வாய் கொஞ்சம் நீளம்.

"இது எதுக்கு வதினா எங்கிட்ட? நீயும் நாளைக்கு ஒரு நாளாவது சிரிச்ச முகமா இரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பயந்துடப் போறாங்க."

"நான் கேட்டாலும் குடுக்காதே, ஹாரிகா. அழுதாலும் குடுக்காதே."

ஹாரிகாவின் கை புடவையோடு நின்றது. கண்ணாடியில் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்; பிறகு திரும்பி நேராகப் பார்த்தாள். அவ்வளவு நாளும் அதே வீட்டில் இருந்தும் அவள் பார்க்கவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் எல்லோரும் ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவளும் தன்னையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஹைமாவிடம் நடந்ததை விசாரித்துவிட்டு, தன் போனிலிருந்து ஹாரிகாவே டாக்டருக்குப் பேசினாள். எல்லாவற்றையும் கேட்ட டாக்டரின் குரல் மாறியது.

"யாரு ரெண்டாக்கச் சொன்னது? ரெண்டாவது மாத்திரையை விட்டுடுங்க. பழையபடி ஒண்ணு மட்டும். அதை நீங்களா நிறுத்த வேண்டாம், நான் பார்த்து மாத்தறேன். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. அவங்களை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க."

அதற்குள் கடைசிப் பண்ட்டு போய்விட்டிருந்தது. அன்றிரவு ஹாரிகா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஹைமாவின் பாயிலேயே படுத்தாள்.

காலையில் முதல் பண்ட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். வாசலில் சேஷாரத்னம் குறுக்கே நின்றாள். இந்தத் தடவை அவள் அதட்டவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாயி, வர்ற பொம்பளைங்களுக்கு யாரு பொட்டு வெச்சு விடுவா? யாரு மஞ்சள் குங்குமம் குடுப்பா? என் கையால வாங்க எவளாவது நெத்தியைக் காட்டுவாளா? இந்த வீட்டுல சுமங்கலின்னு இருக்கிறது நீ ஒருத்திதான். மத்தியானம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ. உன் கால்ல வேணா விழறேன்."

புருஷன் செத்த அன்றைக்கு நெற்றியை அழித்துவிட்ட அதே வழக்கம், இன்று அவளைத் தன் மகளின் விசேஷத்திலேயே கதவுக்குப் பின்னால் நிறுத்தியது. அதற்காக அவள் அந்த வழக்கத்தின் மேல் கோபப்படவில்லை. அதற்கு ஆள் தேடினாள். ஹைமாவை ஒளித்து வைக்கவும் வேண்டும், முன்னால் நிறுத்தவும் வேண்டும். பாவம், அவள் தவிப்பும் உண்மைதான்.

ஹைமா நாத்தனாரைப் பார்த்தாள். ஹாரிகா தலையைக் குனிந்துகொண்டு, "மத்தியானம் வரைக்கும் தாங்குவியா வதினா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டதற்காகப் பிற்பாடு அவள் வெகுநாள் வெட்கப்பட்டாள்.

"தாங்கறேன்" என்றாள் ஹைமா.

பத்து மணிக்கு வெள்ளை நிறக் கார் பண்ட்டிலிருந்து இறங்கி வீட்டு வாசலில் வந்து நின்றது. ஹைதராபாதில் வேலை பார்க்கும் பையன், அவன் அப்பா, அம்மா ராஜ்யலட்சுமி, கூடத் தரகர் அப்பாராவ். தட்டுகளில் காஜா, பூதரேகு என்று இனிப்புகள் வந்தன. ஹாரிகா வந்து உட்கார்ந்தாள். பையனுக்குப் பிடித்துவிட்டது என்பது அவன் காபியை ஆறவிட்டதிலேயே தெரிந்தது. சேஷாரத்னம் கதவுக்குப் பின்னால் நின்று, நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"உங்க வீட்டு மருமகளைக் கூப்பிடுங்க" என்றார் அப்பாராவ். "பொட்டு வெச்சு அனுப்பட்டும், நல்ல நேரம் போயிடும்."

ஹைமா குங்குமக் கிண்ணத்தோடு வந்தாள். ராஜ்யலட்சுமி முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். நெற்றியில் வைத்த பொட்டு புருவத்தில் இழுபட்டு மூக்கில் கொட்டியது. தாம்பூலத் தட்டை நீட்டியபோது வெற்றிலை தட்டிலேயே படபடவென்று ஆடியது. புடவைக்குக் கீழே அவள் கால்கள் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தன.

"காய்ச்சல்... நாலு நாளா காய்ச்சல்" என்றான் சத்திபாபு.

ராஜ்யலட்சுமி மூக்கின் குங்குமத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்று ஹைமாவின் பின்னாலேயே சமையலறைக்கு வந்துவிட்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"என்னதுங்க?"

"நிக்க முடியாம இப்படிக் கால் அடிச்சுக்கிறது. மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதானே?"

"அது சத்து மாத்திரைங்க" என்றாள் ஹைமா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ராஜ்யலட்சுமி வாசற்படியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஆரஞ்சு மூடி போட்ட ஒரு டப்பா இருந்தது.

"நானும் அதே சத்து மாத்திரைதான். பன்னெண்டு வருஷமா. அவருக்கு மட்டும் தெரியும். பெத்த பையனுக்குக்கூடத் தெரியாது." அவள் குரல் தணிந்தது. "எனக்கு முதல்ல குடுத்தது இப்படித்தான் பண்ணுச்சு. சுவத்தைப் பிராண்டிக்கிட்டு ஓடலாம் போல இருக்கும். செத்துத் தொலைஞ்சா தேவலைன்னு இருக்கும். அது நீ இல்லை அம்மாயி. மருந்து உனக்கு ஒத்துக்கலை, அவ்வளவுதான். எனக்கு மாத்திக் குடுத்தாங்க. மெள்ள மெள்ளச் சரியாச்சு. பாரு, உன் எதிர்ல நிக்கறேன்ல?"

ஹைமா அவளைப் பார்த்தாள். பட்டுப்புடவை, கை நிறைய வளையல், நிதானமாக நிற்கும் இரண்டு கால்கள். இந்தத் துன்பத்துக்கு ஒரு மறுகரை இருக்கிறது என்று அன்றுதான் அவளுக்கு முதன்முதலாக நம்பிக்கை வந்தது. இது தன் புத்தி கெட்டதால் வந்ததல்ல, தன் பாவத்தால் வந்ததல்ல. அந்த அம்மாளின் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

"டாக்டரம்மா நேத்தே வரச் சொன்னாங்க."

"அப்புறம் இங்க நின்னு குங்குமம் வெச்சுக்கிட்டு இருக்கியே! இன்னைக்கே போ. இப்பவே போ."

"நீங்க... வெளியில யார்கிட்டயும்..."

"உன்னைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். என்னைப் பத்தி நீயும் திறக்காதே." ஹைமா சரியென்று தலையாட்டினாள். ராஜ்யலட்சுமி அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, தண்ணீர் குடிக்காமலே வெளியே போனாள்.

வந்தவர்கள் சிரித்த முகமாகத்தான் விடைபெற்றார்கள். கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள். கார் போய், தூசி அடங்கி, சேஷாரத்னம் மகளுக்குத் திருஷ்டி சுற்ற உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டிருக்கும்போதே சத்திபாபுவின் போன் அடித்தது. பேசியது அப்பாராவ். படித்துறையில் பண்ட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்களாம். அம்மாவும் கேட்கட்டும் என்று சத்திபாபு போனைச் சத்தமாக வைத்தான்.

"பொண்ணு லட்சணமா இருக்கா, குத்தமே இல்லைங்க. பையனும் சரின்னுட்டான். ஆனா அவங்க அம்மாதான்... வீட்டுல மருமகளுக்கு மனசு சரியில்லை போலிருக்கே, அப்படிப்பட்ட வீடு நமக்கு வேண்டாம்ங்கறாங்க."

"அவ எங்க ரத்தமே இல்லையே!" என்று கத்தினாள் சேஷாரத்னம். "வெளியில இருந்து வந்த மருமகதானே!"

"நானும் அதைத்தாங்க சொன்னேன். வாழ வந்தவ இப்படி ஆகிற வீடுன்னா இன்னும்ல யோசிக்கணும்ங்கறாங்க."

போன் அணைந்தது. சேஷாரத்னம் கையிலிருந்த உப்பைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "என் பொண்ணு வாழ்க்கையைத் தின்னுட்டியே! ஒரு மணி நேரம் ஒழுங்கா நிக்க முடியலையா உனக்கு? ஒரே ஒரு மணி நேரம்!"

ஹைமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'அவளும் அதே மாத்திரைதான் தின்கிறாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஏன் அப்படிச் செய்தாள் அந்த அம்மாள்? அவ்வளவு கனிவாகக் கையைப் பிடித்தவள், அரை மணி நேரத்துக்குள் எப்படி இப்படிப் பேசினாள்? யோசிக்க யோசிக்க ஹைமாவுக்கு விளங்கியது. எந்த வீட்டில் தன்னைப் போல ஒருத்தி இருப்பது வெளியே தெரிந்துவிட்டதோ, அந்த வீட்டின் நிழல்கூடத் தன்மேல் படக் கூடாது என்று பன்னிரண்டு வருடமாக நடுங்கிக்கொண்டிருப்பவள் அவள்.

"உள்ளே வந்து உங்கிட்ட என்ன பேசினாங்க வதினா?" என்று கேட்டாள் ஹாரிகா.

"இன்னைக்கே டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க."

ஹாரிகா சிரித்தாள். கேட்க நன்றாயில்லாத சிரிப்பு. கழுத்திலிருந்த இரவல் அட்டிகையைக் கழற்றி அம்மாவின் மடியில் போட்டாள்.

"அது ஒண்ணாவது உருப்படியா சொன்னாங்களே. வா, போகலாம்."

"எங்கடி போறீங்க? காரு இன்னும் துறையிலதான் நிக்குது. ஊரே பார்க்கும்!"

"பார்க்கட்டும்மா. இனிமே மறைக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

சத்திபாபு நடுவில் வந்து நின்றான். "இன்னைக்கு வீடு இருக்கிற நிலைமையில... நாளைக்குக் காலையில நானே..."

"நீ நாளைக்கே வா அண்ணய்யா. நாங்க இன்னைக்குப் போறோம். சிட்டியைப் பார்த்துக்கோ."

ஹாரிகா சமையலறைக்குள் போய் ஆரஞ்சு மூடி டப்பாவை எடுத்து, டாக்டரிடம் காட்டுவதற்காகத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பெண் பார்க்க உடுத்திய பட்டுப்புடவையை மாற்றக்கூட இல்லை. ஹைமாவின் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். வாசல்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

துறையில் பண்ட்டு கிளம்பத் தயாராக இருந்தது. வெள்ளைக் கார் ஏறி நடுவில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு சைக்கிள், மீன் கூடையோடு ஒரு பெண், பால் கேன்காரன். தண்ணீரைப் பார்த்ததும் ஹைமாவின் உடம்பு அதிர்ந்தது. ஓரத்துக்குப் போகாமல், காரின் பக்கவாட்டில், பலகையின் நடுவே ஹாரிகாவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். பிறகு வேண்டாம் என்று திறந்தே வைத்துக்கொண்டாள்.

புல்லய்யா கயிற்றை அவிழ்க்கும் முன்னால் வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கம்மா, வதினாவும் நாத்தனாருமா கிளம்பிட்டீங்க? அன்னவரமா?"

பால் கேன்காரன் திரும்பினான். ஹாரிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹைமா முந்திக்கொண்டாள். அவள் குரலும் கால்களைப் போலவே நடுங்கியது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"கோயிலுக்கு இல்லை புல்லய்யா. ராஜமுந்திரிக்கு. மனசுக்கு வைத்தியம் பார்க்கற டாக்டர்கிட்ட. அவங்க குடுத்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை. அதான் மாத்தி வாங்கிக்கப் போறேன்."

ஊர் முழுக்க வதந்தி சுமந்து பழகிய ஆளுக்கு, உண்மையை நேராகக் கையில் கொடுத்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்து மோட்டாரை இழுத்துவிட்டான். மீன்காரி தன் கூடையை இழுத்து நகர்த்தி, "உக்காரும்மா, நிக்காதே" என்றாள். "உட்கார முடியலை அக்கா" என்றாள் ஹைமா. மீன்காரி அவள் கால்களைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்: "அந்த டாக்டரம்மா பேரு என்னம்மா? எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு கிடக்கா."

ஹைமா பெயரைச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

காரின் கண்ணாடி வெயிலுக்காகப் பாதி இறக்கியிருந்தது. உள்ளே பையன் ஹைமாவையும் தன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். ராஜ்யலட்சுமி யாரையும் பார்க்கவில்லை. மூக்கில் குங்குமம் இன்னும் லேசாக ஒட்டியிருந்தது. கைப்பையைத் திறந்து, டப்பாவை எடுத்து, ஆரஞ்சு மூடியைத் திருகினாள். மூடி கைதவறி விழுந்தது.

"என்னம்மா அது, எப்பப் பார்த்தாலும் ஒரு மாத்திரை?" என்றான் பையன்.

"சத்து மாத்திரைடா கண்ணா."

ஹாரிகாவின் கை சட்டென்று இறுகியது. அவள் கண் காருக்குள் இருந்த டப்பாவைப் பார்த்தது, தன் பையைப் பார்த்தது, மறுபடி காரைப் பார்த்தது. அவள் முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"வேண்டாம்" என்றாள் ஹைமா. "வாக்கு குடுத்திருக்கேன்."

"வதினா, அவங்க உனக்குப் பண்ணினது..."

"தெரியும். ஆனா எனக்காவது நீ இருக்கே. அவங்களுக்கு யாரு இருக்கா?"

கண்ணாடி மெல்ல மேலே ஏறி மூடிக்கொண்டது. பண்ட்டு கரையில் இடித்து நின்றதும், கார் கிளம்புவதற்கு முன்பே ஹைமா இறங்கி, ராஜமுந்திரி பஸ் நிற்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.